போகியில் எரிந்த கம்புகள்

எங்கள் நைனாவுக்கு இடது காது கேட்காது. அதற்குள் ஒரு மடவைக் குஞ்சு குடியிருப்பதாக அவரே எங்களிடம் சொல்லியிருந்தார். சின்ன வயதில் ஏரியில் முங்கிக் குளித்தபோது உள்ளே புகுந்ததாம். வெளியே வர வழி தெரியாமல் அங்கேயே வளர்ந்துவிட்டதாம். நானும் தம்பியும் மாறி மாறி அந்தக் காதில் எங்கள் காதை ஒட்டி வைத்துக் கேட்போம். மீன் வாலை ஆட்டுவது கேட்கிறது என்று தம்பி சாமி மேல் சத்தியம் செய்வான். எனக்கு ஒன்றும் கேட்டதில்லை. ஆனால் அவனுக்குக் கேட்டு எனக்குக் கேட்காமல் போவதா என்று நானும் கேட்கிறது என்பேன். மீன் இருந்ததோ இல்லையோ, அந்தக் காது எங்களுக்கு ரொம்ப வசதியாக இருந்தது. வீட்டுக்குத் தெரியக்கூடாத விஷயங்களை எல்லாம் நைனாவின் இடப்பக்கம் உட்கார்ந்துதான் பேசிக்கொள்வோம்.

பழவேற்காடு ஏரிக்கு நடுவே பசியாவரத்தில் எங்கள் வீடு. கடைகண்ணி, ஆஸ்பத்திரி எதற்கும் படகேறித்தான் போக வேண்டும். நைனாவுக்குச் சொந்தமாக ஒரு சின்ன பைபர் படகு இருந்தது. ஏரியிலிருந்து திரும்பினால் அவர் நேராக வீட்டுக்கு வரமாட்டார். படகைக் கரையில் ஏற்றிக் கட்டிவிட்டு அதற்குள்ளேயே குந்திக்கொண்டு தண்ணீர் இறைப்பார். அதற்கென்று குறுக்கே வெட்டிய எண்ணெய் கேன் ஒன்று வைத்திருந்தார். மீன் நன்றாகப் பட்ட நாளில் பத்து வீச்சோடு எழுந்து வந்துவிடுவார். வெறுங்கையோடு திரும்பிய நாளில் நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவும் வரைக்கும் இறைத்துக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் நான் பின்னால் போய் எட்டிப் பார்த்தேன். படகில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கேன் காய்ந்த தரையில் சரக் சரக்கென்று உரச, அவர் மும்முரமாகக் காற்றை அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன்.

“எறச்சிட்டு வரட்டும். நீ போயி கூப்ட்டியோ, தோல உரிச்சிடுவேன்” என்றாள் அம்மா.

தோலை உரிப்பது அம்மாவின் அன்றாட வேலைகளில் ஒன்று. ஒரு நாளைக்கு ஐந்தாறு முறையாவது எங்கள் தோலை உரிப்பதாகச் சொல்வாள். சில நாள் துடைப்பத்தையும் தூக்குவாள். பாதி தூரம் துரத்திவிட்டு, எதற்குத் துரத்தினோம் என்பதை மறந்து அந்த இடத்தைப் பெருக்கத் தொடங்கிவிடுவாள். நைனா அப்படியில்லை. அவர் எங்கள் மேல் கை வைத்ததே கிடையாது. ஊரில் இதை யாரும் பெருமையாகச் சொல்லவில்லை. அம்மாவின் அண்ணன், அதாவது எங்கள் மாமா, நைனாவோடு படகில் போகிறவர். அவர் தன் பிள்ளைகளை நாள் தவறாமல் அடித்து வளர்ப்பவர் என்பதால் எங்களைப் பார்க்கும்போதெல்லாம் கை பரபரக்கும். “இதுங்களுக்கு பயமே இல்ல மச்சான்” என்று வருத்தப்படுவார்.

அந்த மார்கழியில் எனக்கு ஒன்பது வயது. முகத்துவாரம் மண் மூடி, கடல் தண்ணீர் ஏரிக்குள் வராமல், வெகுநாளாக மீன்பாடு சரியில்லை. நைனா படகில் காற்றை இறைக்கும் நேரம் நீண்டுகொண்டே போனது. பிறகு ஒரு வழியாக முகத்துவாரம் திறந்தது. இறால் ஓடத் தொடங்கியது. ஆனால் எங்கள் ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. நல்ல இடங்களுக்குப் பாடு என்று பெயர். எந்த நாள் எந்தப் பாடு யாருக்கு என்று கோயில் வாசலில் சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். நம் முறை வரும் நாளில் நீர் இறங்கத் தொடங்கும் முன்னால் கம்புகளை நட்டு வலையைக் கட்டிவிட வேண்டும். கட்டவில்லையென்றால் அடுத்த முறைக்காரர் வந்து கட்டிக்கொள்வார். நாம் ஒரு சுற்று முடியும் வரை கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். போன சுற்றில் எங்கள் முறை வந்தபோது நைனா காய்ச்சலில் படுத்திருந்தார். இந்தச் சுற்றில் எங்கள் முறை போகியன்று விழுந்தது.

போகிக்கு இரண்டு நாள் முன்பு பள்ளியில் டீச்சர் எங்களை வரிசையாக நிற்கவைத்துக் கையை நீட்டி உறுதிமொழி எடுக்கச் சொன்னார். டயர் எரிக்கமாட்டோம், பிளாஸ்டிக் எரிக்கமாட்டோம், காற்றைக் கெடுக்கமாட்டோம். பழைய மரச்சாமான், ஓலை, பாய் மட்டுமே எரிப்போம். மற்றவர்கள் உறுதிமொழி முடிந்ததும் கையோடு அதையும் இறக்கிவிட்டார்கள். நான் இறக்கவில்லை. நான் வகுப்புத் தலைவி.

போகியன்று விடியும் நேரத்தில் தெருவுக்குத் தெரு நெருப்பு எழுந்தது. எதிர்த்தெருப் பிள்ளைகள் டயரைப் போட்டு ஆள் உயரத்துக்கு எரியவிட்டிருந்தார்கள். எங்கள் தெருவில் ஒரு கிழிந்த பாயும் இரண்டு முறமும் எரிந்து முடிந்து புகைந்துகொண்டிருந்தன. தம்பி போகி மேளத்தை அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. உன் உறுதிமொழியால்தானே இந்த அவமானம் என்று அதற்கு அர்த்தம்.

வீட்டுக்குப் பின்னால் ஓலைத் தட்டிக்கு அடியில் சவுக்குக் கம்புகள் கிடந்தது எனக்கு நினைவு வந்தது. கறுத்து, காய்ந்து, சேறு படிந்து, அங்கங்கே சிப்பி ஒட்டிக்கொண்டு, என் கண்ணுக்கு அவற்றைவிடப் பழைய மரச்சாமான் உலகத்தில் இருக்க முடியாது. வலைக்குப் புதுக் கம்பு வாங்க வேண்டும் என்று நைனா சொன்னதும் காதில் விழுந்திருந்தது. வாங்க வேண்டும் என்றால் வாங்கியாகிவிட்டது என்றுதான் அந்த வயதில் அர்த்தம். அம்மா அடிபம்பில் வரிசையில் நின்றாள். நைனாவும் மாமாவும் கரையில் வலையைப் படகில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நானும் தம்பியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து ஒவ்வொன்றாக இழுத்து வந்தோம். சேறு காய்ந்த சவுக்கு எப்படி எரியும் தெரியுமா! எதிர்த்தெருப் பிள்ளைகள் மேளத்தோடு எங்கள் தெருவுக்கே வந்துவிட்டார்கள். காற்றைக் கெடுக்காமல் ஜெயித்த பெருமையில் நான் நெருப்பைச் சுற்றிச் சுற்றி ஆடினேன். இருபது கம்பில் பதினொன்று எரிந்தபோது கம்பை எடுத்துப்போக நைனா வந்தார்.

அவர் நெருப்பைப் பார்த்தார். ஓலைத் தட்டியைப் பார்த்தார். மறுபடி நெருப்பைப் பார்த்தார். அவர் முகம் எனக்குத் தெரியாத ஒருவருடைய முகமாக இருந்தது. வலது கை லேசாக உயர்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் கரையை நோக்கி வேகமாகப் போய்க்கொண்டிருந்தார்.

செய்தி அவருக்கு முன்னால் ஊரைச் சுற்றிவிட்டது. அம்மா குடத்தைத் தெருவிலேயே வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். “பாவி, நம்ம பாட்டுல வல கட்ட வெச்சிருந்த கம்புடி அது!” என்று கத்தினாள். துடைப்பத்தைத் தேடினாள். அதையும் நாங்கள் எரித்துவிட்டிருந்தோம். மாமா வந்தார். மீதியிருந்த ஒன்பது கம்பை எண்ணினார். பழவேற்காட்டுக்குப் போய்ப் புதுக் கம்பு வாங்கிவர மதியமாகிவிடும், பத்து மணிக்கெல்லாம் நீர் இறங்கிவிடும் என்று கணக்குச் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, “வரட்டும் உங்க நைனா. இன்னிக்கு இருக்குது உனுக்கு” என்றார். பல வருட வேண்டுதல் நிறைவேறப்போகிறவரின் முகம் அவருக்கு.

நைனா எங்கே என்று தம்பி போய்ப் பார்த்துவிட்டு வந்தான். “படகுல எறச்சிக்கினு இருக்காரு” என்றான். மாமா வாயைப் பிளந்தார். முறை போகிற நேரத்தில், காய்ந்த படகில் ஒரு மனிதன் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிறான். “உன் ஊட்டுக்காருக்கு இன்னா ஆச்சி?” என்று அம்மாவைக் கேட்டார். அம்மா அவருக்குக் குறுக்கே வாசலில் நின்றுகொண்டாள். ஒருவரையும் கரைக்குப் போகவிடவில்லை.

நான் சாம்பலுக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து நைனா வந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. முகம் பழைய முகமாகியிருந்தது. என் வலப்பக்கம் உட்கார்ந்தார். நான் அவருடைய மீன் காதில் எதையோ முணுமுணுத்தேன். அவர் எழுந்து சுற்றிவந்து மறுபக்கம் உட்கார்ந்தார். இப்போது கேட்கிற காது என் பக்கம் வந்துவிட்டது. இனித் தப்பிக்க வழியில்லை என்று எனக்குப் புரிந்துபோயிற்று.

“இப்ப சொல்லு. இன்னா நடந்துச்சி?”

டீச்சர், உறுதிமொழி, டயர், எதிர்த்தெரு எல்லாவற்றையும் சொன்னேன். அழுகை பாதியில் வந்துவிட்டது. டயர் பற்றி வந்தபோது மட்டும் அவர் தலையை ஆட்டினார். எல்லாம் முடிந்ததும், “அது பழைய கம்புன்னு நெனச்சிக்கின. நைனாவ ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல?” என்றார். கேட்டிருக்கலாம் என்றேன்.

“சரி. பதினொரு கம்பு வேணும். ஒரு வூட்டுக்கு ஒண்ணுன்னு நீயே போயி கேளு. ஏன் வேணும்னும் நீயே சொல்லு. நைனா பின்னாடியே வரேன். ஆனா வாயத் தொறக்க மாட்டேன்.”

அடி வாங்கியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். இதை என்னைவிட நன்றாக அறிந்தவர் மாமாதான். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அன்று முதன்முறையாகக் கொஞ்சம் இரக்கம் இருந்தது.

முதல் வீட்டு வாசல் வரை போய் நின்றேன். திரும்பிப் பார்த்தேன். நைனா பத்தடி தள்ளி வேலிப்பக்கம் நின்று காலால் மணலைக் கீறிக்கொண்டிருந்தார். சொன்னபடி வாயைத் திறக்கவில்லை, போகவும் இல்லை. “எங்க கம்ப நான் எரிச்சிட்டேன். இன்னிக்கி எங்க பாடு. ஒரு கம்பு குடுங்க” என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். வடை சுட்டுக்கொண்டிருந்த அந்த வீட்டுப் பெரியம்மா கரண்டியோடு வெளியே வந்து, என்னையும் நைனாவையும் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுக் கம்பும் கொடுத்தாள், ஒரு வடையும் கொடுத்தாள். வடையை வாங்கலாமா என்று நைனாவைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார். வாங்கிக்கொண்டேன்.

எல்லா வீட்டிலும் வடை கிடைக்கவில்லை. ஒரு வீட்டில், “ரெண்டு போட்டு வளக்காம, தெருத்தெருவா இட்டுக்கினு சுத்துறாரு பாரு” என்று என் முன்னாலேயே பேசினார்கள். நைனாவின் வலது காது அந்தப் பக்கம்தான் இருந்தது. அவர் நகரவில்லை. ஒரு வீட்டில் கம்பு இல்லை என்றார்கள். இன்னொரு வீட்டில் பாம்பு மாதிரி வளைந்த ஒரு கம்பைத் தந்தார்கள். ஐந்தாவது வீடு வருவதற்குள் எனக்குப் பேச்சு சரளமாகிவிட்டது. ஏழாவது வீட்டில் பழைய பொருளையும் பழையதுபோல் தெரியும் பொருளையும் எப்படி வேறுபடுத்துவது என்று நானே அவர்களுக்கு எடுத்துச்சொன்னேன். மாமா வீடு ஒன்பதாவது. அவரும் ஒரே கம்பைத்தான் கொடுத்தார், ஆனால் இருப்பதில் நல்லதாகப் பார்த்துக் கொடுத்தார். எந்தக் கம்பு யாருடையது என்று தெரிந்தால்தானே திருப்பிக் கொடுக்க முடியும்? அம்மா தன் பழைய சேலையைக் கிழித்துக் கொண்டுவந்து தந்தாள். முதல் வீட்டுக் கம்புக்கு ஒரு முடிச்சு, இரண்டாவதற்கு இரண்டு என்று துணியில் முடிச்சுப் போட்டுக் கட்டினேன்.

எங்கள் தெரு முடிந்து அடுத்த தெருவும் முடிந்தபோது பத்துக் கம்பு தேறியது. அதற்குமேல் நேரம் இல்லை. என்னையும் ஏற்றிக்கொண்டு படகு கிளம்பியது. பாட்டுக்கு அருகே அடுத்த முறைக்காரருடைய படகு ஏற்கெனவே வந்து நின்றது. அவர்கள் வேண்டுமென்றே வரவில்லை. நாங்கள் கட்டாவிட்டால் நீர் வீணாகக்கூடாது என்பதால் வந்திருந்தார்கள். ஊர் முறை அப்படி. மாமாவும் நைனாவும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மளமளவென்று நட்டார்கள். பத்தொன்பது கம்பு நின்றது. கடைசிக் கம்பு இல்லாமல் வலையின் முனை துவண்டு தண்ணீரில் ஆடியது. முனை நிற்காவிட்டால் இறால் எல்லாம் அந்த வழியாகவே போய்விடும். நீர் அசைவற்று நின்றிருந்தது. இன்னும் கொஞ்சத்தில் இறங்கத் தொடங்கிவிடும்.

நைனா என்னைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை.

நான் படகில் எழுந்து நின்று, தண்ணீருக்கு அந்தப் பக்கம் நின்ற அடுத்த முறைக்காரரைப் பார்த்துக் கத்தினேன். “எங்க கம்ப நான் எரிச்சிட்டேன். ஒண்ணு கொறையுது. குடுங்க!”

அவர் சும்மா இருந்திருந்தால் போதும், அன்றைய பாடு அவருக்குத்தான். சூரியனைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். “இன்னாபா, பொண்ண வுட்டு கேக்கறியா?” என்று நைனாவைக் கேட்டார்.

“எரிச்சது நான்தான். அதான் நான் கேக்கறேன்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. தன் படகிலிருந்து ஒரு கம்பை உருவித் தண்ணீரில் தள்ளிவிட்டார். அது மெல்ல மிதந்து எங்கள் பக்கம் வந்தது. மாமா அதை நட்டு முடித்த கொஞ்ச நேரத்தில் நீர் இறங்கத் தொடங்கியது.

அன்று இறால் குவியல் குவியலாகக் கிடைத்தது என்று சொன்னால் நன்றாக இருக்கும். அப்படியெல்லாம் கிடைக்கவில்லை. ஒரு கூடை நிறைய, அதற்கு மேல் கொஞ்சம். ஆனாலும் வெகுநாளைக்குப் பிறகு வந்த கூடை அது. பொங்கலன்று காலையில் நான் பதினொரு கம்பையும் கழுவி, முடிச்சை எண்ணி, பத்து வீட்டிலும் ஒரு படகிலும் சேர்த்தேன். ஆறையும் ஏழையும் மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டேன். வளைந்த கம்பு யாருடையது என்று அவர்களுக்கே சண்டை வந்து, அவர்களே தீர்த்துக்கொண்டார்கள்.

இப்போது நான் ஆரம்பாக்கத்தில் இருக்கிறேன். எனக்கு ஒரு மகன். அவனுக்குக் காது குத்தியபோது தம்பி மடியில் உட்காரவைத்தோம். குத்தி முடித்ததும் அழுத பிள்ளையை நைனா வாங்கிக்கொண்டார். தன் இடது காதைக் காட்டி மடவைக் குஞ்சு கதையைச் சொன்னார். அவன் அழுகையை விட்டுவிட்டு அதில் காதை வைத்துக் கேட்க ஆரம்பித்தான். பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அத்தை, நைனாவின் அக்கா, என்னிடம் மெல்லச் சொன்னாள்.

“மீனும் இல்ல, ஒண்ணும் இல்ல. இவன் பத்து வயசுல பாட்டுக்கு வல கட்டப் போனப்ப கம்பு ஒண்ண கைதவறி வுட்டுட்டான். தண்ணியோட போயிடுச்சி. எங்க நைனா, அதான் உன் தாத்தா, அங்கியே கன்னத்துல ஒண்ணு வெச்சாரு. காதுல ரத்தம் வந்திச்சி. அதோட போச்சி காது.”

எத்தனை கம்பு போனது என்று கேட்டேன்.

“ஒண்ணுதாம்மா” என்றாள்.

போன மாதம் என் மகன் என் செல்போனைத் தண்ணீர் வாளியில் போட்டு, அது நீந்துமா என்று பார்த்தான். என் கை தானாக உயர்ந்தது. அதை இறக்கி, நேராகச் சமையலறைக்குப் போய், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரங்களை எல்லாம் எடுத்து மறுபடி தேய்த்தேன். “அம்மா, அதான் சுத்தமா இருக்குதே?” என்று வாசற்படியில் நின்று கேட்டான். இரு, முடிச்சிட்டு வரேன் என்றேன். முடித்துவிட்டுப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன நடந்தது என்று கேட்டேன்.

அந்தப் போகியன்று சாயங்காலம் இறால் குழம்பு. நான் நைனாவின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பதினொரு கம்பை எரித்தும் அவரிடமிருந்து ஓர் அடி இல்லை, ஒரு திட்டு இல்லை. தன் தட்டிலிருந்த இறாலைப் பொறுக்கிப் பொறுக்கி எனக்கே போட்டார். கம்பு என்பது அப்படியொன்றும் பெரிய சாமான் இல்லை போலிருக்கிறது, மாமாதான் சும்மா பயம் காட்டிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டேன்.